செத்துப்போன ஃபோனின் ராமை எடுப்பது எப்படி? எடுத்த பிறகு எங்கே தேடுவது?

நடுராத்திரி_ரீபூட்

வணக்கம். என்னிடம் இருப்பது ஒரு டெவலப்மென்ட் ஃபோன். குவால்காம் சிப், 8 ஜிபி ராம், பூட்லோடர் திறந்திருக்கிறது, கர்னலை (இயங்குதளத்தின் மையப் பகுதி) நாங்களே பில்ட் செய்கிறோம். திரையை அணைத்து மேசையில் வைத்துவிட்டால் எப்போதாவது தானே ரீபூட் ஆகிவிடுகிறது. எப்போது என்று சொல்ல முடியவில்லை. லாக்கேட்டை (ஆண்ட்ராய்டு லாக்கைக் காட்டும் கருவி) ஓடவிட்டுப் பார்த்தேன். கடைசி வரி வெகு சாதாரணமாக இருக்கிறது, அதற்குமேல் ஒன்றும் இல்லை. கிராஷ் லாக் அடுத்த பூட்டில் வந்து சேரும் பிஸ்டோர் ஃபோல்டரும் காலி.

முழு ராமையும் டம்ப் (ராமின் அப்படியே நகல்) எடுத்துப் பார் என்று கூட இருப்பவர்கள் சொல்கிறார்கள். சர்வரில் கேடம்ப் (கர்னல் விழுந்ததும் இரண்டாவது கர்னல் எழுந்து ராமைச் சேமிக்கும் முறை) வைத்துப் பழக்கம் உண்டு, ஃபோனில் இல்லை. எங்கிருந்து தொடங்கலாம்?

பழைய_கர்னல்காரன்

டம்ப் அப்புறம். முதலில் அது கிராஷ்தானா என்று பாருங்கள். ஃபோன் தானாக அணைந்து எழுந்தால் எல்லோரும் கர்னல் பேனிக் (கர்னலே விழுவது) என்றே நினைக்கிறார்கள். வெப்பம் எல்லை மீறினாலும், பேட்டரி மின்னழுத்தம் ஒரு கணம் சரிந்தாலும், வாட்ச்டாக் (அமைப்பு உறைந்தால் ரீசெட் செய்யும் டைமர்) கடித்தாலும் வெளியே தெரிவது ஒரே மாதிரிதான். ரீபூட் ஆனவுடன் கெட்ப்ராப் கட்டளையில் பூட் ரீசன் என்ன என்று கேளுங்கள். பேனிக், வாட்ச்டாக் என்று வந்தால் ராமில் தடயம் இருக்கும். மின்சாரமே போயிருந்தால் ராமில் தேட எதுவுமில்லை, மின்வழங்கல் பக்கம் போய்விடலாம்.

லாக்கேட்டின் கடைசி வரி சாதாரணமாக இருப்பதில் வியப்பில்லை. அது பயனர் தளத்தில் ஓடும் ஒரு நிரல். கர்னல் விழும்போது அதற்கு எழுதவே நேரம் கிடைக்காது.

நடுராத்திரி_ரீபூட்

பார்த்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் கர்னல் பேனிக் என்றே சொல்கிறது. அப்படியானால் பிஸ்டோர் ஏன் காலியாக இருக்கிறது?

டம்ப்_மேஸ்திரி

பிஸ்டோர் மாயம் ஒன்றும் இல்லை. ராமில் ஒரு சின்ன இடத்தை ராமூப்ஸ் என்ற கர்னல் டிரைவர் தனக்கென்று ஒதுக்கிவைத்து அதில் லாக்கை எழுதும். அடுத்த பூட்டில் அதே இடத்தைப் படித்து ஃபைலாகக் காட்டும். ரீபூட்டின்போது ராமுக்கு மின்சாரமும் புதுப்பித்தலும் அறுந்துபோகாமல் இருந்தால்தான் இது நடக்கும், அதாவது வார்ம் ரீசெட். பவர் பட்டனை நீண்ட நேரம் அழுத்தி எழுப்பினால் பல ஃபோன்களில் பவர் சிப் எல்லாவற்றையும் துண்டித்துவிட்டுத்தான் திரும்பக் கொடுக்கும். லாக் காற்றோடு போச்சு.

உங்கள் ஃபோன் தானாக எழுவதால் அது காரணமாக இருக்காது. மீதி இருப்பவை: பேனிக்கின்போது பவர் சிப்பை ஹார்ட் ரீசெட் செய்யும்படி யாராவது அமைத்திருக்கலாம். பூட்லோடர் டிடிஆரை (ராம் சிப்) திரும்பத் தயார்செய்யும்போது துடைத்திருக்கலாம். டிவைஸ் ட்ரீயில் (ஹார்டுவேர் விவரப் பட்டியல்) ராமூப்ஸுக்கு ஒதுக்கிய இடத்தின்மேல் வேறு யாராவது எழுதலாம். கன்சோல் அளவைப் பூஜ்யமாக விட்டிருக்கலாம். இந்தக் கடைசிப் புள்ளி முக்கியம். டிமெசெக்-ராமூப்ஸ் பேனிக் அல்லது ஊப்ஸ் (கர்னல் பிழை) நடந்தால்தான் எழுதப்படும், கன்சோல்-ராமூப்ஸ் எப்போதும் எழுதிக்கொண்டே இருக்கும். வாட்ச்டாக் கடித்த கேஸில் கையில் கிடைப்பது பெரும்பாலும் இரண்டாவதுதான். பிமெசெக்கும் (பயனர் தள லாக்குக்கான பகுதி) இயங்கினால் லாக்கேட்டைப் பெரிய எல் கொடியோடு கூப்பிட்டு, போன பூட்டின் ஆண்ட்ராய்டு லாக்கையும் எடுக்கலாம்.

உண்மையான கிராஷுக்காகக் காத்திருக்காதீர்கள். ரூட் ஷெல்லில் சிஸ்ஆர்க்யூ ட்ரிகருக்கு (கர்னலுக்கு நேரடிக் கட்டளை தரும் ஃபைல்) ஒரு சி எழுத்தை அனுப்பினால் கர்னல் அங்கேயே விழும். எழுந்ததும் பிஸ்டோரைப் பாருங்கள். வேண்டுமென்றே வீழ்த்தியதே பதிவாகவில்லை என்றால் தானாக விழுவது எப்படிப் பதிவாகும்?

வெறும்_பயனர்

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். என் ஃபோன் லோகோவிலேயே நின்றுவிட்டது. இந்த ராம் டம்ப் எடுத்தால் உள்ளே இருக்கும் புகைப்படங்களை மீட்கலாமா?

டம்ப்_மேஸ்திரி

முடியாதுங்க. படங்கள் இருப்பது ஃபிளாஷ் சேமிப்பில், அதுவும் குறியாக்கம் செய்யப்பட்டு. ராமில் இருப்பது அந்தக் கணத்தில் ஓடிக்கொண்டிருந்தவை மட்டும். திரைப் பூட்டைத் திறக்கும் வரை பயனர் தரவுக்கான சாவியே ராமுக்கு வராது. பேக்கப் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் தரவை அழிக்காமல் சிஸ்டத்தை மட்டும் திரும்ப நிறுவ வழி உண்டா என்று சர்வீஸில் கேளுங்கள். ஃபேக்டரி ரீசெட் பக்கம் மட்டும் கை வைக்காதீர்கள்.

நடுராத்திரி_ரீபூட்

சி அனுப்பிப் பார்த்தேன், அப்போதும் காலி. பூட்லோடர் எழுத்தாளர்களிடம் கேட்டதில் விஷயம் தெரிந்தது. ராமூப்ஸுக்கு ஒதுக்கிய இடத்தில்தான் பூட்லோடர் தன் தொடக்கத் திரைப் படத்தை வைக்கிறதாம். முகவரியை நகர்த்தியதும் லாக் வந்துவிட்டது. இரவு தானாக விழுந்தபோதும் பிடிபட்டது. முக்கியமான வரிகளைத் தமிழில் தருகிறேன்:

கையாள முடியாத கர்னல் பேஜிங் வேண்டுகோள், முகவரி 006பி6பி6பி6பி6பி6பி83.
இஎஸ்ஆர் (பிழைக் காரணம் சொல்லும் ரிஜிஸ்டர்) 96000004.
விழுந்த த்ரெட்: கேவொர்க்கர் (வரிசையில் போட்ட வேலைகளை ஓட்டும் கர்னல் த்ரெட்).
பேக்ட்ரேஸ்: ப்ராசஸ்_ஒன்_வொர்க், அதற்கு மேலே டச் டிரைவரின் ஃபிரேம் வொர்க் ஃபங்ஷன்.

ஸ்லப் (கர்னலின் நினைவக ஒதுக்கி) டீபக் இயக்கிய பில்ட் இது. கன்சிஸ்டன்சி, பாய்சன், யூசர் டிராக்கிங் மூன்றும் உண்டு.

அவசரக்_குடுக்கை

டச் டிரைவரில் பாயிண்டர் (நினைவக முகவரி) தப்பு, அவ்வளவுதானே. அந்த வரிக்கு முன்னால் ஒரு நல் செக் (பாயிண்டர் வெறுமையா என்ற சோதனை) போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள்.

பழைய_கர்னல்காரன்

அது நல் இல்லையே ஐயா. நல் செக் போட்டால் 6பி6பி அதைத் தாண்டிக் கம்பீரமாக நடந்துபோகும்.

நண்பர் நடுராத்திரி, அந்த முகவரியை நிதானமாகப் படியுங்கள். ஸ்லப் பாய்சன் இயங்கும்போது, விடுவித்த பொருளில் கடைசிப் பைட்டைத் தவிர ஒவ்வொரு பைட்டிலும் கர்னல் 6பி என்று நிரப்பிவைக்கும். உங்கள் டிரைவர் ஒரு பொருளிலிருந்து ஒரு பாயிண்டரை எடுத்திருக்கிறது, கிடைத்தது முழுக்க 6பி. அப்படியென்றால் அந்தப் பொருள் ஏற்கெனவே விடுவிக்கப்பட்டது. அந்தப் போலிப் பாயிண்டரில் இன்னொரு புலத்தைப் படிக்கப் போயிருக்கிறது. கடைசிப் பைட் 83. பதினாறடிமானத்தில் 6பி-யோடு 18 சேர்த்தால் 83. அந்த 18 என்பது பத்தடிமானத்தில் 24. இரண்டாவது ஸ்ட்ரக்ச்சரில் 24ஆம் பைட்டில் இருக்கும் புலம் எது என்று பாஹோலில் (ஸ்ட்ரக்ச்சரின் அமைப்பைக் காட்டும் கருவி) பாருங்கள், எந்த வரி என்று சரியாகச் சொல்லிவிடும். தொடக்கத்தில் 6பி-க்குப் பதில் 00 இருப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். மேல் பைட்டை டேக் என்று கருதிக் கழித்துவிட்டுத்தான் ஆர்ம்64 கர்னல் முகவரியை அச்சிடும்.

இஎஸ்ஆரும் அதையேதான் சொல்கிறது. மேல் ஆறு பிட்டுகள் பதினாறடிமானத்தில் 25, அதாவது கர்னல் நிலையிலேயே நடந்த டேட்டா அபார்ட் (நினைவக அணுகல் பிழை). எழுதும்போது விழுந்திருந்தால் 40 சேர்ந்து 96000044 என்று வந்திருக்கும். சேரவில்லை, ஆக படிக்கும்போது விழுந்தது.

இதே வழியில் முகவரி டெட் என்ற நான்கு எழுத்தில் தொடங்கினால் அது லிஸ்ட் பாய்சன். பட்டியலிலிருந்து நீக்கிய கண்ணியை யாரோ திரும்பத் தொட்டிருக்கிறார்கள்.

இதற்குமேல் பிஸ்டோரால் உதவ முடியாது. விழுந்த ஃபங்ஷன் யாரென்று அது காட்டிவிட்டது. அந்தப் பொருளை விடுவித்தது யார்? விழுந்தவனுக்கும் தள்ளிவிட்டவனுக்கும் முகமே வேறு. அதற்கு முழு டம்ப் வேண்டும்.

டம்ப்_மேஸ்திரி

சரி, இப்போது என் பக்கம் வந்துவிட்டீர்கள்.

சர்வரில் பழகிய கேடம்ப் இங்கே எதிர்பார்த்தபடி நடக்காது. இரண்டாவது கர்னலுக்கென்று நிரந்தரமாக ராம் ஒதுக்க வேண்டும், பாதி உயிரோடு இருக்கும் மோடம், கிராஃபிக்ஸ், பாதுகாப்பு உலகம் இவற்றோடு அந்தக் கர்னல் எழுந்து நிற்க வேண்டும், அதற்குள் வாட்ச்டாக் வேறு கடிக்கும். அதனால் ஃபோன் சிப்காரர்கள் வேலையைப் பூட்லோடரிடம் கொடுத்துவிட்டார்கள். குவால்காமில் பேனிக் ஆனதும் சிப் வார்ம் ரீசெட் ஆகி டம்ப் மோடில் நிற்கும். யூஎஸ்பி வழியாகச் சஹாரா நெறிமுறையில் ராமைத் துண்டு துண்டாகத் தரும். மீடியாடெக்கில் ஏஇஇ, எம்ஆர்டம்ப் என்று வேறு ஏற்பாடு. சாம்சங்கில் அப்லோட் மோட் என்று திரையிலேயே வரும்.

உங்களுக்குச் செய்ய வேண்டியது: டவுன்லோட் மோட் பாராமீட்டரை முழு டம்ப்புக்கு மாற்றுங்கள். மினி என்று இருந்தால் முன்பே பதிவுசெய்த சில பகுதிகள் மட்டும்தான் வரும், ஸ்லப் பக்கங்கள் வராது. பேனிக் ஆனதும் திரை கறுத்துவிடும், பட்டன் எதற்கும் அசையாது. ஃபோன் செத்துவிட்டது என்று பதறி பவர் பட்டனை அழுத்திவிடாதீர்கள், அதோடு டம்ப் போய்விடும். கணினியில் யூஎஸ்பி பட்டியலைப் பாருங்கள். 900இ என்று தெரிந்தால் டம்ப் தரத் தயாராக நிற்கிறது. 9008 என்றால் இடிஎல், அது ஃபிளாஷ் செய்யும் வாசல், வேறு விஷயம்.

குவால்காமின் கருவிகளான கியூபிஎஸ்டியோ பிகேட்டோ அந்தப் போர்ட்டைப் பார்த்ததும் தானே இழுக்கத் தொடங்கும். 8 ஜிபி யூஎஸ்பி 2.0 வேகத்தில் வர நேரம் பிடிக்கும், கேபிளை அசைக்க வேண்டாம். வந்த ஃபோல்டரில் டிடிஆர்சிஎஸ் என்று தொடங்கும் பெரிய பின் ஃபைல்கள், ஓசிஐமெம் (சிப்புக்குள் இருக்கும் சின்ன நினைவகம்), கூடவே டம்ப்_இன்ஃபோ என்று ஒரு டெக்ஸ்ட் ஃபைல் இருக்கும். எந்தத் துண்டு எந்த முகவரியில் தொடங்குகிறது, எவ்வளவு நீளம் என்று அதில் எழுதியிருக்கும். முதல் வேலையாக ஒவ்வொரு ஃபைலின் அளவையும் அதோடு ஒப்பிடுங்கள். பாதியில் அறுந்த டம்ப்பை வைத்துக்கொண்டு தலையைப் பிய்த்துக்கொண்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கடைக்கு வந்த ஃபோன்களில் இதை முயல வேண்டாம். பாதுகாப்பு பூட் ஃபியூஸ் எரித்த கருவிகளில் இந்த வாசல் பெரும்பாலும் மூடியே இருக்கும்.

தடயவியல்_மாணவி

அப்படி மூடிய கருவிகளில் நாங்கள் லைம் மாட்யூல் பயன்படுத்தியதுண்டு. லினக்ஸ் ராமை கர்னலுக்குள்ளிருந்தே வெளியே அனுப்பும் மாட்யூல் அது, 2012இல் வெளிவந்தது. ஏடிபி (ஃபோனைக் கணினியிலிருந்து கையாளும் கருவி) போர்ட் ஃபார்வர்டு செய்து டிசிபி வழியாகக் கணினிக்கு இழுத்து, வோலட்டிலிட்டி என்ற ராம் ஆய்வுக் கருவியில் திறப்போம். இங்கே பொருந்துமா?

பழைய_கர்னல்காரன்

உயிரோடு இருக்கும் ஃபோனுக்குப் பொருந்தும். ரூட் வேண்டும், ஓடும் கர்னலுக்கென்றே பில்ட் செய்த மாட்யூல் வேண்டும், மாட்யூல் கையொப்பம் கேட்கும் கர்னல் என்றால் அங்கேயே நின்றுவிடும். கர்னல் விழுந்த பிறகு இன்ஸ்மாட் (மாட்யூலை ஏற்றும் கட்டளை) யார் செய்வது? எஸ்டி கார்டில் எழுதச் சொன்னால் இன்னொரு சிக்கல், எஃப்ஏடி32இல் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்டாது.

உங்கள் துறையில் எனக்குப் பிடித்தது ஃபிராஸ்ட் என்ற ஆய்வு. எர்லாங்கன் பல்கலைக்கழகத்துக்காரர்கள் கேலக்ஸி நெக்ஸஸை ஃப்ரீசரில் குளிரவைத்து, பேட்டரியை ஒரு கணம் கழற்றி மாட்டி, தங்கள் ரெக்கவரி இமேஜில் எழுப்பி, ராமில் மிச்சமிருந்த குறியாக்கச் சாவியை எடுத்தார்கள். குளிர்ந்த ராமில் மின்னூட்டம் மெதுவாகக் கசியும் என்பதுதான் சூட்சுமம். பேட்டரியைக் கழற்ற முடியாத இன்றைய ஃபோனில் அந்த விளையாட்டுக்கு இடமில்லை.

செயலி_எழுதுபவன்

கர்னல் பக்கமே போகாத எங்களைப் போன்றவர்களுக்கு? என் செயலியின் சி++ பகுதி எப்போதாவது விழுகிறது, ஃபோன் நன்றாகத்தான் இருக்கிறது.

டம்ப்_மேஸ்திரி

உங்களுக்கு ராம் டம்ப் தேவையே இல்லை. ஏடிபி பக்ரிப்போர்ட் எடுங்கள், ஜிப்புக்குள் டூம்ஸ்டோன் (விழுந்த செயலியின் பதிவு) ஃபைல்கள் இருக்கும். சிக்னல், ஃபால்ட் முகவரி, ரிஜிஸ்டர்கள், பேக்ட்ரேஸ், பக்கத்து நினைவகத்தின் சில வரிகள் எல்லாம் அதில் உண்டு. ஃபால்ட் முகவரி 18 மாதிரி சின்ன எண்ணாக இருந்தால் நல் பாயிண்டரில் புலம் படித்திருக்கிறீர்கள். பேக்ட்ரேஸ் வரியின் ஓரத்தில் பில்ட் ஐடி இருக்கும். உங்களிடம் இருக்கும் ஸ்ட்ரிப் செய்யாத லைப்ரரியின் பில்ட் ஐடியும் அதுவும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தால் மட்டும் என்டிகே-ஸ்டேக்கில் (முகவரியை ஃபங்ஷன் பெயராக்கும் கருவி) கொடுங்கள். வேறு பில்டின் சிம்பலைக் கொடுத்தாலும் அது கூசாமல் ஏதோ ஒரு ஃபங்ஷன் பெயரைச் சொல்லும், நீங்களும் நம்பிவிடுவீர்கள்.

ஜாவா பக்கம் நினைவகம் ஊதிக்கொண்டே போகிறது என்றால் ஏஎம் டம்ப்ஹீப் கட்டளை, வந்த ஹெச்ப்ராஃப் ஃபைலை மாற்றி மேட் என்ற ஹீப் ஆய்வுக் கருவியில் திறந்து டாமினேட்டர் ட்ரீ (எந்தப் பொருள் எவ்வளவு நினைவகத்தைப் பிடித்துவைத்திருக்கிறது என்ற பட்டியல்). எல்எம்கேடி (நினைவகம் குறைந்தால் செயலிகளை நிறுத்தும் சேவை) கொன்ற செயலி கிராஷ் கணக்கில் வராது, அதற்கு டூம்ஸ்டோனும் கிடையாது. டூம்ஸ்டோனைத் தேடிக் களைத்துப்போகாதீர்கள்.

ஆப்பிள்_பக்கம்

ஐஃபோனில் ராமை எடுக்க வெளியாட்களுக்கு வழியில்லை. அமைப்புகளில் பிரைவசி, அனலிட்டிக்ஸ் டேட்டா என்று போனால் பேனிக்-ஃபுல் என்று தொடங்கும் ஃபைல்கள் இருக்கும், அதைத்தான் படிக்க வேண்டும். ஏறக்குறைய 3 நிமிடத்துக்கு ஒருமுறை ரீபூட் ஆகிக்கொண்டே இருந்து, அந்த ஃபைலில் தெர்மல்மானிட்டர்டி, மிஸ்ஸிங் சென்சார் என்ற சொற்கள் தெரிந்தால் மென்பொருளை விட்டுவிடலாம். ஏதோ ஒரு ஃபிளெக்ஸ் கேபிளில் இருக்கும் சென்சார் பதில் சொல்லவில்லை. ஜெட்சம் என்று தொடங்குபவை நினைவகம் போதாமல் செயலியைக் கொன்ற பதிவுகள், பேனிக் இல்லை.

நடுராத்திரி_ரீபூட்

டம்ப் கிடைத்துவிட்டது, அளவுகளும் சரி. கிராஷ் என்ற டம்ப் ஆய்வுக் கருவியில் திறந்தால் கர்னலே பொருந்தவில்லை என்கிறது. விஎம்லினக்ஸ் (சிம்பலோடு கூடிய கர்னல் ஃபைல்) அதே பில்ட்தான் என்று பில்ட் சர்வர் சொல்கிறது.

டம்ப்_மேஸ்திரி

பில்ட் சர்வர் சொல்வதை நம்பாமல் டம்ப்பையே கேளுங்கள். டிடிஆர் ஃபைலில் ஸ்ட்ரிங்ஸ் ஓட்டி லினக்ஸ் வெர்ஷன் என்று தொடங்கும் வரியைத் தேடுங்கள். பில்ட் தேதி, நேரம் வரை அதில் இருக்கும். விஎம்லினக்ஸிலும் அதே வரி இருக்கிறதா பாருங்கள்.

அது ஒன்றாக இருந்தால் மிச்சம் கேஏஎஸ்எல்ஆர்தான். ஒவ்வொரு பூட்டிலும் கர்னல் வேறு முகவரியில் போய் உட்காரும். அந்த நகர்வைக் கிராஷுக்கு நீங்கள் சொல்ல வேண்டும், கூடவே கேஇமேஜ் வோஆஃப்செட்டும் (கர்னலின் மெய்நிகர் முகவரிக்கும் நிஜ முகவரிக்கும் உள்ள வித்தியாசம்) விஏ பிட்டுகளும் (மெய்நிகர் முகவரியின் பிட் எண்ணிக்கை). பேனிக் லாக்கின் கடைசியில் கர்னல் ஆஃப்செட் என்று ஒரு வரி வரும், உங்கள் கன்சோல்-ராமூப்ஸிலேயே இருக்கிறதா பாருங்கள். டிடிஆர் ஃபைல் பெயருக்குப் பின்னால் அட் குறி போட்டு, டம்ப்_இன்ஃபோவில் உள்ள தொடக்க முகவரியைக் கொடுக்க வேண்டும். பல ஸ்னாப்டிராகன்களில் அது 80000000. இதெல்லாம் வேண்டாம் என்றால் குவால்காமின் திறந்தமூல ராம்டம்ப் பார்சர் பைதான் ஸ்கிரிப்ட் இருக்கிறது, பெரும்பாலானவற்றைத் தானே கண்டுபிடித்துக்கொள்ளும்.

நடுராத்திரி_ரீபூட்

ஆஃப்செட் கொடுத்ததும் திறந்துவிட்டது. விடுவிக்கப்பட்ட பொருளின் முகவரி ரிஜிஸ்டரிலேயே இருந்தது. ஆர்டி (நினைவகத்தைப் படிக்கும் கட்டளை) போட்டால் வரிசையாக 6பி, கடைசிப் பைட்டில் ஏ5. அதற்குப் பின்னால் டிராக் பதிவு இரண்டு: ஒதுக்கியது டச் டிரைவரின் ப்ரோப், விடுவித்தது அதே டிரைவரின் சஸ்பெண்ட் கால்பேக். விடுவித்தபோது குறித்த ஜிஃபீஸுக்கும் (கர்னலின் கடிகாரத் துடிப்பு எண்ணிக்கை) விழுந்தபோது இருந்த ஜிஃபீஸுக்கும் வித்தியாசம் 12.

பழைய_கர்னல்காரன்

ஹெச்இசட் (நொடிக்கு எத்தனை துடிப்பு) 250தானே? அப்படியானால் ஒரு ஜிஃபி 4 மில்லி நொடி, 12 என்பது 48. டிரைவரில் அந்த வொர்க்கை எவ்வளவு தாமதத்தில் வரிசையில் போடுகிறார்கள் என்று பாருங்கள். 50 என்று இருந்தால் எனக்கு வியப்பே இல்லை.

நடுராத்திரி_ரீபூட்

50தான்! திரையை அணைக்கும் நேரத்தில் விரல் பட்டால் வொர்க் வரிசையில் ஏறுகிறது. உடனே சஸ்பெண்ட் வந்து ஃபிரேம் பொருளை விடுவிக்கிறது. அதற்குப் பிறகு வொர்க் ஓடி அதே பொருளைத் தொடுகிறது. மேசையில் வைத்த பிறகு விழுவதாக நினைத்துக்கொண்டிருந்தேன், மேசையில் வைக்கும்போது கை படுவதுதான் காரணம்.

லேப்_எலி

எல்லா டம்ப்பும் இப்படி ஒரே இடத்தில் வந்து விழாது. எங்களிடம் ஒரு மாடலில் ஒரே ஒரு ஃபோன் மட்டும் ஒவ்வொரு முறை வேறு வேறு ஃபங்ஷனில் விழுந்துகொண்டிருந்தது. கர்னலின் டெக்ஸ்ட் பகுதி படிக்க மட்டுமே உரியது, ஆகவே அதை டம்ப்பிலிருந்து வெட்டி விஎம்லினக்ஸோடு ஒப்பிட்டேன். ஓரிடத்தில் 91004000 இருக்க வேண்டியது 91004400 என்று இருந்தது. முதலாவது எக்ஸ்0இல் 16 கூட்டு என்ற கட்டளை, இரண்டாவது 17 கூட்டு. இரண்டையும் எக்ஸ்ஓஆர் (வேறுபடும் பிட்டுகளைக் காட்டும் கணக்கு) செய்தால் மிஞ்சுவது ஒரே ஒரு பிட். எந்த டிரைவரும் அப்படிக் கெடுக்காது. ராமோ அதன் மின்னழுத்தமோதான், ஃபோன் ஹார்டுவேர் குழுவுக்குப் போய்விட்டது.

ஒப்பிடும்போது எல்லா வித்தியாசத்தையும் கெட்டது என்று எண்ணிவிட வேண்டாம். ஜம்ப் லேபிள், எஃப்ட்ரேஸ், ஆல்டர்னேட்டிவ் என்று கர்னல் தானே தன் டெக்ஸ்டைத் திருத்திக்கொள்ளும் இடங்கள் நிறைய உண்டு. அவற்றில் கட்டளையே வேறாக மாறியிருக்கும், ஒற்றைப் பிட் மட்டும் புரண்டிருக்காது.

வாட்ச்டாக் டம்ப்பில் இன்னொரு எச்சரிக்கை. சில கோர்களின் கேஷில் இருந்த கடைசி எழுத்துகள் டிடிஆருக்கு இறங்காமலே போகலாம். பட்டியலில் ஒரு கண்ணி புதியது, அடுத்தது பழையது என்று முரணாகத் தெரிந்தால் உடனே மெமரி கெட்டுவிட்டது என்று எழுதிவிடாதீர்கள்.

தடயவியல்_மாணவி

ஒன்று கேட்க வேண்டும். அந்த 8 ஜிபியை இப்போது எங்கே வைத்திருக்கிறீர்கள்? சோதனை ஃபோன் என்றாலும் அதில் உள்நுழைந்திருந்த கணக்கின் டோக்கன், வைஃபை கடவுச்சொல், திறந்திருந்த உரையாடல் எல்லாம் அப்படியே இருக்கும். பக் டிக்கெட்டில் இணைத்துவிட்டால் டிக்கெட்டைப் பார்க்கும் எல்லோருக்கும் போய்விடும்.

நடுராத்திரி_ரீபூட்

குறியாக்கிய டிஸ்க்கில்தான். டிக்கெட்டில் பேக்ட்ரேஸும் டிராக் பதிவும் மட்டும் போடுகிறேன். திருத்தம் இதுதான்: சஸ்பெண்ட் கால்பேக்கில் ஃபிரேமை விடுவிப்பதற்கு முன்னால் கேன்சல்_டிலேய்டு_வொர்க்_சிங்க் (வரிசையில் உள்ள வொர்க்கை ரத்துசெய்து, ஓடிக்கொண்டிருந்தால் முடியும் வரை காத்திருப்பது). சரிதானே?

பழைய_கர்னல்காரன்

விடுவிப்பதற்கு முன்னால் என்பது சரி. விரல் இன்டரப்ட்டை அதற்கும் முன்னால் முடக்குங்கள், இல்லையென்றால் ரத்துசெய்த மறுகணம் திரும்ப வரிசையில் ஏறிவிடும். அப்புறம், சஸ்பெண்ட் கால்பேக் அந்த இடத்தில் டிரைவரின் மியூடெக்ஸை (ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் பிடிக்கக்கூடிய பூட்டு) பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். வொர்க் ஃபங்ஷனும் அதே மியூடெக்ஸைக் கேட்டால், சிங்க் அது முடியக் காத்திருக்கும், வொர்க்கோ சஸ்பெண்ட் மியூடெக்ஸை விடக் காத்திருக்கும். பேனிக் போய் ஹேங் வரும். லாக்டெப் (பூட்டுச் சிக்கலைக் கண்டுபிடிக்கும் கர்னல் சோதனை) இயக்கிய பில்டில் சஸ்பெண்ட், ரெஸ்யூம் இரண்டையும் விரலைத் திரையில் வைத்தபடியே பலமுறை ஓட்டிவிட்டுப் பேட்சை அனுப்புங்கள்.